மணல் மூட்டை உட்கார்ந்த இடம்

தை மாதம், வளர்பிறை. விடிகாலை ஐந்து மணிக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து கோயம்புத்தூருக்கு எங்கள் மோட்டார் சைக்கிள் புறப்பட்டது. ஓட்டியவர் எங்களவர். பக்கத்தில் பூட்டியிருந்த சைட்காரில், ஜமக்காளம் போர்த்தி, கயிறு போட்டுக் கட்டி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது ஒரு காவேரி மணல் மூட்டை. நானும் என் மாமியாரும் பின்னால் ஜட்காவில் இருந்தோம். அதுவும் உறையூர் வரைக்கும்தான். அங்கே நாத்தனார் வீட்டில் நின்று வழியனுப்பிவிட்டு நாங்கள் திரும்பிவிட வேண்டும்.

மூட்டைக்குக் கிடைத்த இடம் எனக்குக் கிடைக்கவில்லை என்ற ஆத்திரத்தோடுதான் இந்தக் கட்டுரையை ஆரம்பிக்கிறேன். அது எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்களவர் ஹைஸ்கூலில் சயன்ஸ் வாத்தியார். சீமைக்குத் திரும்பிப் போன ரயில்வே துரை ஒருவரிடமிருந்து இந்த வண்டியை வாங்கினார். ஊரில் இதற்குத் தொட்டில் வண்டி என்று பெயர். வாங்கிய வருஷமே இன்ஜின் எண்ணெயைக் குடித்துப் புகையாகக் கக்க ஆரம்பித்தது. இவர் சித்திரை வீதியில் ஒரு சுற்றுப் போய் வந்தால் அன்றைக்குக் கொசு இல்லை என்று பக்கத்தாத்து மாமி சொல்லுவாள். பாலக்கரையில் பட்டறை வைத்திருக்கும் காசிம் ராவுத்தர் வண்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, சிலிண்டர் தேய்ந்துவிட்டது, அதைக் குடைந்து புதுப் பிஸ்டன் போட வேண்டும், அதற்கான இயந்திரம் தம்மிடம் இல்லை, கோயம்புத்தூரில் மில்லுகளுக்கு வேலை செய்யும் இன்ஜின் கடை ஒன்றில் இருக்கிறது என்றார். இன்ஜினை மட்டும் கழற்றி ரயிலில் புக் பண்ணிவிடலாம் என்றும் சொன்னார். எங்களவருக்கு வந்ததே கோபம்! நாடி பார்க்காமல் வைத்தியமா, வண்டி ஓடுகிற சத்தத்தைக் கடைக்காரர் காதால் கேட்க வேண்டாமா என்று ஒரு மணி நேரம் வாதாடினார். ராவுத்தர் சிரித்துக்கொண்டே சரி என்று விட்டுவிட்டார்.

அன்றிலிருந்து எங்கள் கூடம் கூடமாக இல்லை. சாக்குக்கட்டியால் தரையில் வழி போட்டார். ஊஞ்சல்தான் ஸ்ரீரங்கம். நடுத் தூண் கரூர், ஐம்பது மைல். அடுக்களை வாசற்படி கோயம்புத்தூர், நூற்று முப்பது மைல். பெட்ரோல் விற்கிற இடத்துக்கெல்லாம் ஒரு வட்டம். மார்கழி முழுக்க நான் குளித்தலையைத் தாண்டி, பல்லடத்தைச் சுற்றிக்கொண்டு சமைக்கப் போனேன். பெருக்கினால் ஊர் அழிந்துவிடும் என்று துடைப்பத்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்.

இந்த வழியை என்னைவிட நன்றாகப் படித்தவர் என் மாமியார். சாயங்காலம் விளக்கேற்றியானதும் ஊஞ்சலிலிருந்து தூணுக்கு மெதுவாக நடப்பார். தூணில் சாய்ந்து உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, புஸ்தகத்தைப் பார்த்துப் பாசுரம் சொல்லுவார். நடுவில் கேள்வி வரும். கரூரில் ஆற்றில் இறங்கிக் குளிக்கப் படித்துறை உண்டா? கோயம்புத்தூரில் நம்மவர்கள் வீடு இருக்கிறதா? வழியில் ஏற்றம் உண்டா? இவர் பொறுமையாகப் பதில் சொல்லுவார். பிள்ளையின் பயணத்தை நிறுத்தத்தான் இடைஞ்சல்களை எண்ணிக்கொண்டிருக்கிறார் என்று நான் நினைத்தேன்.

அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்களவர் கைக்குழந்தையாக இருந்தபோதே மாமனார் காலமாகிவிட்டார். அதிலிருந்து வீட்டில் யார் எங்கே கிளம்பினாலும், எதிரில் பட்டுவிடக் கூடாதென்று மாமியார் கிணற்றடிக்குப் போய்விடுவார். போ என்று யாரும் சொன்னதில்லை, அவராகவே போவார். பிள்ளை பரீட்சைக்குப் போனபோதும் கிணற்றடி, கல்யாணத்துக்குக் கிளம்பியபோதும் கிணற்றடி. எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. வாய் திறந்து சொல்லத்தான் தைரியம் இல்லை.

வழி முடிவானதும் சைட்காரைப் பற்றிப் பேச்சு வந்தது. ராவுத்தர் வீட்டில் அந்த வாரம் பெண்ணுக்கு நிக்காஹ். அவரால் கூட வர முடியாது. ஆனால் ஒன்று சொன்னார்.

“பெட்டி காலியாப் போவக் கூடாது சாமி. வளைவுல தூக்கி அடிச்சிடும். ஒரு ஆள் பாரம் இருக்கணும்.”

கல்யாணமானதிலிருந்து நான் திருச்சி ஜங்ஷனைத் தாண்டியதில்லை. ஆள் பாரம் வேண்டுமென்றால் ஆளையே ஏற்றிக்கொள்வதுதானே? அன்று ராத்திரியே கேட்டேன். நடுவழியில் வண்டி நின்றால் பொம்மனாட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று இழுத்தார். விடாமல் கேட்டதும், அம்மாவைக் கேள் என்று நழுவிவிட்டார்.

மறுநாள் மாமியாரைக் கேட்டேன். அவர் கறிகாய் நறுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“பெட்டி ஒண்ணுதானே இருக்கு,” என்றார்.

அது மறுப்பு என்று எடுத்துக்கொண்டேன். சாயங்காலம் எங்களவர் ஆற்றுக்குப் போய்ச் சாக்கில் மணலை நிரப்பிக்கொண்டு வந்தார். அவரோடு இரண்டு நாள் நான் பேசவில்லை.

புரோகிதர் பார்த்துக் கொடுத்த நல்ல நாள் புதன்கிழமை. வண்டியோ ராவுத்தர் பட்டறையில் சங்கிலி இல்லாமல் நின்றது. அப்போது மாமியார்தான் பரஸ்தானம் வைத்துவிடலாம் என்றார். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: நல்ல வேளையில் கிளம்ப முடியாவிட்டால், கிளம்புகிறவருடைய உடைமை ஒன்றை மூட்டையாகக் கட்டி, போகிற திசையில் வேறொருவர் வீட்டில் வைத்துவிடுவது வழக்கம். உடைமை போய்விட்டால் ஆளும் புறப்பட்டாயிற்று என்று கணக்கு. மூன்று நாளைக்குள் போய் அதை எடுத்துக்கொண்டு அப்படியே பயணத்தைத் தொடர வேண்டும். வைத்துவிட்டுப் போகாமல் இருந்தால் ஆகாது.

மூட்டையைச் சுமங்கலிதான் கட்ட வேண்டும் என்று என்னை உட்காரவைத்தார். இவருடைய அங்கவஸ்திரத்தை விரித்தேன். ஒரு பிடி அரிசி, ஒரு மஞ்சள். மாமியார் அந்தப் பக்கம் திரும்பிய சமயம், இடுப்பில் செருகி வைத்திருந்த என் நீல ரவிக்கையை மடிப்புக்குள் தள்ளிவிட்டேன். பெருமாள் படத்தின் முன்னால் இருக்கிற துளசியை எடுத்துக்கொண்டு வா என்றார். கொண்டுவந்து வைத்து முடிச்சுப் போட்டேன். எங்களவர் அதைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு, கரூர் ரோட்டுப் பக்கம் இருக்கிற உறையூரில் தம் அக்கா வேதவல்லியின் வீட்டில் சேர்த்துவிட்டு வந்தார்.

அதற்கப்புறம் இரண்டு நாளாக மாமியார் புஸ்தகத்தைத் தொடவில்லை. கண் வலி என்றார். எல்லாவற்றையும் மனப்பாடமாகவே சொன்னார். எனக்கிருந்த பயத்தில் அதையெல்லாம் யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமைதான் நான் முதலில் சொன்ன விடிகாலை. பிள்ளை கிளம்பும்போது எதிரே இருக்கக் கூடாதென்று மாமியார் ஜட்காவைப் பத்தடி பின்னால் நிறுத்தச் சொன்னார். ஜட்காக் கூலி எட்டணா. பேத்திகளுக்கு அவல் என்று ஒரு துணிப்பை அவர் மடியில் இருந்தது. என் பையில் மாற்றுப் புடவை இருந்தது. கேட்டால் என்ன சொல்வதென்று எனக்கே தெரியாது.

காவேரிப் பாலத்தில் மோட்டார் சைக்கிள் இருமிக்கொண்டு நடைவேகத்துக்கு வந்துவிட்டது. எங்கள் குதிரை அதைத் தாண்டியது. ஜட்காக்காரன் தலையை வெளியே நீட்டி, கயிறு போட்டு இழுத்துக்கொண்டு போகட்டுமா என்று மரியாதையாகக் கேட்டான். எங்களவர் ஹாரனை ஓங்கி அழுத்தினார். மாமியார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

உறையூரில் நாச்சியார் கோயில் பக்கத்துத் தெரு. காப்பி ஆயிற்று. வேதவல்லி அக்கா பரஸ்தான மூட்டையை அலமாரியிலிருந்து எடுத்துவந்து தம்பி கையில் கொடுத்தாள். இவர் முடிச்சை அவிழ்த்து அங்கவஸ்திரத்தை உதறினார். அரிசியோடு என் ரவிக்கை தரையில் விழுந்தது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் இரண்டு நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த வசனம் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

“நானும் புதன்கிழமையே கிளம்பியாச்சு,” என்றேன்.

இவர் வாயைத் திறப்பதற்குள் அக்கா குனிந்து ரவிக்கையை எடுத்தாள். அதன் அடியில் என்னவோ மின்னியது. ஒரு பக்கம் நூல் சுற்றிய மூக்குக் கண்ணாடி.

“அம்மா, இது உன் கண்ணாடின்னா!”

மாமியார் அவசரப்படவில்லை. கண்ணாடியை வாங்கிப் புடவைத் தலைப்பால் துடைத்து மாட்டிக்கொண்டார். துளசி எடுக்க என்னை அனுப்பியது எதற்கென்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

“முந்தாநாளே நல்ல வேளையிலே கிளம்பிடுத்து. அது போற வழியிலே நான் போகலேன்னா ஆகாதேடா.”

“பெட்டி ஒண்ணுதானேம்மா இருக்கு!” என்றார் எங்களவர்.

“அதைத்தான் நான் அன்னிக்கே இவகிட்டே சொன்னேன். ஆத்திலே ஒரு பெட்டி, கிளம்பறவா ரெண்டு பேர்னு எனக்குத் தெரியாதா? இவ உன் பின்னாடி உட்காரட்டும். அந்த ஸீட்டு எதுக்கு இருக்கு?”

எங்களவரின் காது சிவந்துவிட்டது. மூன்று பேரை இன்ஜின் இழுக்காது என்று சொல்லிப் பார்த்தார். கரூர் வரைக்கும் ஆற்றங்கரை, ஏற்றமே கிடையாது என்று தரையில் போட்டுக் காட்டியது யார் என்று கேட்டார் மாமியார். எங்களவர் மணல் மூட்டையை இறக்கித் தெருமூலையில் கொட்டினார். கொட்டிய நிமிஷமே அக்காவின் பெண்கள் அதன்மேல் ஏறி வீடு கட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

மாமியார் துணிப்பையோடு சைட்காரில் ஏறி உட்கார்ந்தார். நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பின் ஸீட்டில் பக்கவாட்டில் உட்கார்ந்தேன். அக்கா பழக்கத்தில், கொஞ்சம் இருங்கள், சகுனத்துக்கு எதிர்வீட்டுச் சுமங்கலி மாமியை எதிரே வரச் சொல்கிறேன் என்று படியிறங்கினாள். பாதியில் சைட்காரைப் பார்த்து நின்றுவிட்டாள். அவள் முகம் சுருங்கிப்போயிற்று.

“வேண்டாண்டி,” என்றார் மாமியார். “இன்னிக்குப் போறவ நான். எதிரே வர்றவா சகுனம் பாத்துப்பா.”

எங்களவர் மூட்டைக்குப் போர்த்தியிருந்த ஜமக்காளத்தை எடுத்துத் தாயாரின் மடியில் விரித்தார். பிறகு வண்டியை உதைத்தார். மூன்றாவது உதையில் கிளம்பியது.

குடமுருட்டி தாண்டி, வாழைத் தோட்டங்களின் நடுவே கரூர் ரோடு. மணிக்குப் பதினைந்து மைலுக்கு மேல் போகவில்லை. மேடுபள்ளத்தில் விழுந்துவிடுவேனோ என்று இவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். பட்டப்பகலில், ஊர் பார்க்க, மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு! மாமியார் நேரே முன்னால் பார்த்துக்கொண்டு வந்தார். எடுக்க மனமில்லாமல் கையை அப்படியே வைத்திருந்தேன்.

கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்ததும், கடைக்காரர் சத்தத்தைக் கேட்காமலே இன்ஜினைக் கழற்றியதும், சிலிண்டரைக் குடைந்து பிஸ்டன் போட்டதும் எல்லாம் நடந்தன. வண்டி இப்போது புகை விடுவதில்லை. கொசு திரும்ப வந்துவிட்டது. ஆனால் எனக்குச் சொல்ல வேண்டியிருப்பது முக்கொம்பைப் பற்றி. திருச்சியிலிருந்து பதினோரு மைல். இன்ஜின் சூடு ஆறட்டும் என்று அங்கே நிறுத்தினோம். அகலமாக வருகிற காவேரி அங்கேதான் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கை கொள்ளிடமாக வடக்கே போகிறது, ஒரு கை காவேரியாகவே கீழே போகிறது. நடுவில் புதர் மண்டிய ஒரு மணல்திட்டு. அதுதான் ஸ்ரீரங்கத் தீவின் மேற்கு நுனி என்று எங்களவர் காட்டினார்.

மாமியார் கரையில் நின்று கண்ணாடி வழியாக வெகுநேரம் பார்த்தார். பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் அந்தத் தீவிலேதான்.

“இத்தோட நம்மூர் முடியறதா?” என்று கேட்டார்.

“ஆமாம்மா.”

அவர் மறுபடியும் ஒரு தடவை பார்த்தார். எங்கள் கூடத்தில் ஊஞ்சலிலிருந்து நடுத் தூணுக்கு எட்டடி இருக்கும். மார்கழி பூராவும் அவர் அந்த எட்டடியை நடந்தது எனக்கு நினைவுக்கு வந்தது. என் கண் கலங்கிவிட்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை. புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தாமே பெட்டியில் ஏறி உட்கார்ந்து, அதன் விளிம்பைக் கையால் ஒரு தட்டுத் தட்டினார்.

“ஏறுங்கோ. கரூர்த் தூண் வந்தாச் சொல்லுடா.”