ஊதாத்தாளும் எள்ளுத் தட்டும்

அனுமந்தன்பட்டியில் என் அண்ணன் வீட்டுச் சமையலறையில், விளிம்பு உயர்ந்த பித்தளைத் தட்டொன்று சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. உள்ளே பூசிய ஈயத்தில் ஊதா நிறம் ஏறிப் படிந்துவிட்டது. புளி போட்டுத் தேய்த்தாலும் போவதில்லை. ஈயம் பூச வருகிறவர் ஒவ்வொரு முறையும் அதைக் கையில் எடுப்பார். ஒவ்வொரு முறையும் என் மதினி அதைத் திரும்ப வாங்கி வைத்துவிடுவார். வெள்ளைக்காரர் அடக்குமுறைக் காலத்தில் எங்கள் வாலிபர் சங்கத்தின் பத்திரிகை உயிர் பிழைத்துக் கிடந்தது அந்தத் தட்டிலேதான்.

பத்திரிகை தொடங்கியது வாசகசாலைச் சுவரில். ஒரே ஒரு கையெழுத்துத் தாள். நின்று படித்தவர்கள் நிற்காதவர்களுக்குச் சொன்னார்கள். பிறகு தேனியில் ஓர் அச்சகம் கிடைத்தது. நான்கு பக்கம் ஆயிற்று. அரசாங்கம் கண் வைத்ததும் அச்சகத்தார் கைகூப்பி விலகிக்கொண்டார். தடை வந்தபோதெல்லாம் நாங்கள் பெயரை மாற்றினோம். மாற்றிய பெயருக்கும் தடை வந்தது. சங்கச் செயலாளரும் பத்திரிகை ஆசிரியருமான என் அண்ணனைச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். பத்திரிகை முடிந்தது என்று ஊர் நினைத்த வேளையில், என் மதினி அந்தத் தட்டைத் துடைத்து எடுத்தார்.

செய்முறை எளியது. தச்சர்கள் மரம் ஒட்டும் வச்சிரப் பசையையும் கிளிசரினையும் காய்ச்சித் தட்டில் ஊற்றினால் அல்வாவைப் போல உறையும். ஊதாச் சாய மையால் எழுதிய தாளை அதன்மேல் கவிழ்த்து அழுத்தினால், எழுத்துகள் இடவலம் மாறிப் பசையில் இறங்கிவிடும். பின்னர் வெற்றுத்தாளை வைத்து வைத்து எடுக்க வேண்டியதுதான். எழுதியவர் மதினி; காய்ச்சியவர் மதினி; அழுத்தி எடுத்தவரும் அவரே. காய்ந்த தாள்கள் சின்னமனூர் வெற்றிலைக் கட்டுகளுக்குள் புகுந்து பள்ளத்தாக்கு முழுவதும் போய்ச் சேர்ந்தன. பெயர் மாறிக்கொண்டேயிருந்த பத்திரிகைக்கு மக்கள் தாங்களே ஒரு பெயரைச் சூட்டினார்கள்: ஊதாத்தாள்.

நான் மேடைக்காரன். முல்லையாற்று மதகடியில், பாயும் நீரின் இரைச்சலை எதிர்த்துப் பேசிப் பழகியவன். ஒலிபெருக்கியைக் காணாத சந்தைத் திடல்களில், கடைசி வண்டியின் மீது அமர்ந்திருப்பவர் செவிவரை என் குரலைக் கொண்டுசேர்த்தவன். அதில் எனக்குப் பெருமை அன்றும் உண்டு, இன்றும் உண்டு. ஆனால் என் சொற்பொழிவுகளை ஊதாத்தாளுக்குக் கொடுத்தால், மதினி அவற்றை இரக்கமின்றி வெட்டுவார்.

“ஏன் மதினி, அந்த அடுக்குமொழிக்குத்தானே கைதட்டு விழுந்தது?” என்பேன்.

“மேடையில நீங்க மூச்சு வாங்குறதுக்கு அடுக்கு வேணும் கொழுந்தனாரே. தட்டுக்கு எதுக்கு? இடமா கெடக்கு இங்கன?” என்பார்.

தட்டின் அருகேயும் என்னை விடமாட்டார். “நாக்கு ஒங்களுக்கு, கை எனக்கு” என்பது அவர் செய்த வேலைப் பிரிவினை. ஊதாச் சாயம் விரலில் பட்டால் பல நாள் போகாது. கூட்டத்துக்குக் கூட்டம் கையை உயர்த்திப் பேசுகிறவன் விரலில் அது இருக்கக் கூடாது என்பது அவர் கணக்கு.

ஒரு சனிக்கிழமைக் காலை. கொல்லைப்புறத் தாழ்வாரத்தில் எழுத்து அப்போதுதான் பசையில் இறங்கியிருந்தது. வாசலில் நின்ற நான் கண்டது, சைக்கிளிலிருந்து இறங்கும் சப்-இன்ஸ்பெக்டரையும் அவர் பின்னால் வந்த ஏட்டையும். தட்டு சிக்கினால் மதினியும் சிறைக்குப் போவார். ஊதாத்தாளும் அன்றோடு அவியும். உள்ளே ஓடினால் அவர்களும் பின்னாலேயே ஓடிவருவார்கள். ஆகவே நான் ஓடவில்லை. நின்ற இடத்திலேயே மார்பை நிமிர்த்தினேன்.

“சப்-இன்ஸ்பெக்டர் அவர்களே! வருக! ஆசிரியரைச் சிறைவைத்த பிறகும் அவர் வீட்டைச் சோதனையிட வந்திருக்கிறீர்கள்! எந்த உத்தரவின்படி? அதை உரக்கப் படியுங்கள்! ஊரும் கேட்கட்டும்!”

மதகடியில் பழகிய குரல், முற்றத்தைக் கடந்து கொல்லைவரை போயிற்று. சப்-இன்ஸ்பெக்டர் காதைத் தேய்த்துக்கொண்டார். “எதுக்குய்யா கத்துற? நான் என்ன கம்பம் டவுன்லயா நிக்கிறேன்?” என்று கடிந்தவர், “கையை நீட்டு” என்றார். நீட்டினேன். புரட்டிப் பார்த்தார். ஒரு துளி ஊதா இல்லை. முகம் சுண்டி உள்ளே நடந்தார்.

தாழ்வாரத்தில் மதினி தட்டின் முன்னால் அமர்ந்திருந்தார். எதற்கும் இருக்கட்டுமென்று காய்ச்சி வைத்திருந்த கருப்பட்டிப் பாகு, ஊதா தெரியாதபடி பசையை மூடியிருந்தது. அதன்மேல் கைநிறைய அள்ளிக் கறுப்பு எள்ளைத் தூவி அழுத்திக்கொண்டிருந்தார். விரல்கள் பாகிலும் எள்ளிலும் புதைந்திருந்தன. ஏலக்காயின் மணம் வச்சிரத்தின் வாடையை அமுக்கிவிட்டிருந்தது.

“தட்டுல என்னம்மா?”

“குச்சனூரு சனி பகவானுக்கு நேந்துக்கிட்ட எள்ளுப் படையல். படைக்காம யாரும் தொடப்படாது. தொட்டவுகளப் பிடிச்சுக்கும்.”

“யாருக்கு நேர்ச்சை?”

“வீட்டு ஆம்பளைய உள்ள கொண்டுபோயி வச்சிருக்கீக. அது ஏழரைச் சனி இல்லாம வேற என்ன?”

சப்-இன்ஸ்பெக்டர் குனிந்தார். கை தட்டை நோக்கி நீண்டது. பின்னாலிருந்து ஏட்டின் குரல் பதறி எழுந்தது: “ஐயா, வேணாங்கய்யா! எனக்கே இப்பத்தான் ஏழரை எறங்கிருக்கு. மறுபடி ஏத்தி விட்றாதீக!”

நீண்ட கை நின்றது; பிறகு மெல்லத் திரும்பிச் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தது. நெல் குதிர், பரண் எல்லாவற்றையும் கிளறிவிட்டு அவர்கள் போனார்கள். சைக்கிள் மணி தெருமுனையில் தேய்ந்து மறைந்த பிறகுதான் மதினி எள்ளிலிருந்து விரல்களை உருவினார். பத்து விரலும் ஊதா. அதைப் பார்த்து முதலில் சிரித்தவர் அவர். நிறுத்த முடியாமல் சிரித்தவன் நான்.

“இன்னைக்குப் பேசினீகளே, அதுல ஒரு வார்த்தை வெட்டத் தோணல கொழுந்தனாரே” என்றார். எத்தனையோ மேடைகளில் மாலைகள் வாங்கியிருக்கிறேன். சுவருக்கு அப்பால் ஒரே ஒருவர் கேட்பதற்காகப் பேசிய அந்தப் பேச்சுக்குக் கிடைத்த பாராட்டை அவற்றோடு சேர்த்து எண்ணுவதில்லை, தனியே வைத்திருக்கிறேன்.

அண்ணன் விடுதலையாகி வந்தார். பிறகு நாடும் விடுதலை பெற்றது. இன்று எங்கள் பத்திரிகை பட்டப்பகலில் அச்சாகிறது, கடைவீதியில் தொங்குகிறது, அதை எவரும் வெற்றிலைக்குள் ஒளிப்பதில்லை. மதினிக்கு மட்டும் ஒரு பாக்கி உறுத்தியது. பொய்யாகவே சொன்னாலும் சாமி பெயரால் சொன்ன நேர்ச்சை அல்லவா? சென்ற சனிக்கிழமை மூவரும் குச்சனூருக்குப் போனோம். அதே தட்டு, அதே கருப்பட்டிப் பாகு, அதே கறுப்பு எள். படைத்து முடித்து ஆற்றங்கரையில் அமர்ந்தபோது, மதினி ஒரு துண்டை வெட்டி என்னிடம் நீட்டினார். வெட்டிய இடத்தில் தட்டின் பழைய ஊதா எட்டிப் பார்த்தது. என் கை தன்னையறியாமல் தயங்கிற்று.

“பயப்படாமத் தின்னுங்க கொழுந்தனாரே,” என்றார். “இதுல வச்சிரம் இல்ல.”