ஜிகினா ரிப்பனும் முனிரத்தினம் மோட்டாரும்

கரண்ட் இருக்கிற வரைக்கும் லைன்மேன் பேரு ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது. போயிடுச்சுன்னா கைக்குழந்தை தவிர எல்லாரும் போன் போடுவாங்க. என்னை மாதிரி, போன் மணி அடிச்சாலே செருப்பை மாட்டுற உத்தியோகம் பார்க்கும் சகோதரர்களே, இது உங்களுக்குத்தான் புரியும்.

டீ ஆறிப்போச்சு

அன்னிக்கு ஆரம்பாக்கம் பக்கம் காலையிலேயே பேய்க்காத்து. லைன் டிரிப் ஆகி தானா கட் ஆகிடுச்சு, மறுபடி போட்டாலும் நிக்கவே மாட்டேங்குது. முதல் போன் விவசாயி முனிரத்தினம். நெல்லு பால் பிடிக்கிற நேரம், நிலம் வெடிச்சுக் கிடக்கு, மோட்டார் ஓடலைன்னா மொத்தமும் பதர்தான். நான் அப்பதான் டீயை வாய்க்கிட்ட கொண்டுபோறேன்.

"இன்னிக்குத் தண்ணி வுடலைன்னா பயிரு பூடும் நைனா. டீயெல்லாம் அப்பால குடிச்சுக்கோ!"

பாதி ஊருக்கு வந்தாச்சு

நானும் கூட்டாளி சாமுவேலும் பைக்ல கிளம்பினோம். பாதி வழியில இருக்கிற சுவிட்சைத் திறந்து அந்தாண்டை லைனைத் துண்டிச்சுட்டு, சப்-ஸ்டேஷனுக்குச் சொல்லி லைனைப் போடச் சொன்னோம். கட் ஆகாம நின்னுச்சு, பாதி ஊருக்குக் கரண்ட் வந்துடுச்சு. அப்போ கோளாறு சுவிட்சுக்கு அந்தாண்டை.

அந்தாண்டைத் தெருவுல, ராத்திரி ஷிப்ட் முடிச்சு வந்த ஒரு பொண்ணு கம்பெனி யூனிபார்மோட வாசல்ல உக்காந்து, டிபன் பாக்ஸ் மூடியால விசிறிக்கினு இருந்துச்சு.

"பொறுமையாவே பாருண்ணா. நான் படுக்கறதுக்குள்ள ஃபேனு மட்டும் சுத்திடணும்."

பளபளன்னு ஒண்ணு

கம்பம் கம்பமா அண்ணாந்து பாத்துக்கினே போனோம். கழுத்து வலிதான் மிச்சம். கடைசியில பார்த்தா, முனிரத்தினம் வயலுக்கு நேர் மேலயே, ரெண்டு கம்பியைச் சேர்த்துச் சுத்திக்கினு ஒரு ஜிகினா ரிப்பன்! அந்தப் பளபளப்புல கரண்ட் பாயும், அப்புறம் லைன் எப்படி நிக்கும்? கிளி விரட்ட அவர் கட்டினதுதான், காத்துல அறுந்து பறந்திருக்கு. எனக்கு வந்துச்சு பாருங்க கோபம்!

எல்லாப் பக்கமும் லைனை நிறுத்தி, பாதுகாப்புக்கு எர்த் போட்டு, சாமுவேல் ஏறி எடுத்தான். லைனைப் போட்டதும் மோட்டார் ஓடி, வெடிப்புல தண்ணி இறங்குறதைப் பார்த்து முனிரத்தினம் கண்ணு கலங்கிடுச்சு. அப்புறம் எங்கே திட்டுறது? லைனுக்குத் தூரமா, தாழக் கட்டச் சொன்னேன். மிச்ச ரிப்பனையும் சுருட்டிக்கினே தலையாட்டினார்.

"கிளியைத்தான் வெரட்டும்னு நெனச்சேன், கரண்டையுமா வெரட்டும்!"

மறுநாள்

விடிஞ்சதும் மறுபடியும் முனிரத்தினம் நம்பர். போச்சுடா, மறுபடியும் எதையோ கட்டிட்டார்னு பயந்துக்கினே எடுத்தேன்.

"கரண்ட் நல்லா கீது நைனா. பயிரும் தலை நிமிந்து கீது. சொல்லலாம்னுதான் போட்டேன்."

கரண்ட் இருக்குன்னு சொல்றதுக்காக என் சர்வீஸ்ல வந்த ஒரே போன் அதுதான், நானோ பழக்கதோஷத்துல "இதோ கிளம்பிட்டோம், பாத்து சரி பண்ணிடறோம்"னு சொல்லிப் போனை வெச்சுட்டேன்.