மங்கலான மானிட்டர்

எங்கள் கடை மானிட்டர் போன மாதம் கண்ணை மூடியது. பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் உழைத்த சாமான். பழைய இரும்புக்காரர் வந்து கேட்டபோது கொடுக்க மனசு வரவில்லை. துணி போட்டு மூடி அலமாரி மேல் ஏற்றி வைத்திருக்கிறேன். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அதை வாங்கின நாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது.

அப்போது என் வீட்டுக்காரர் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் டிசைனர். பட்டாசுப் பெட்டி லேபிள், காலண்டர், டைரி அட்டை எல்லாம் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பார். ஒருநாள் வேலையை விட்டுவிட்டேன் என்று வந்து நின்றார். முதலாளியோடு ஒத்துப்போகவில்லையாம். சரி, சொந்தமாகவே பார்ப்போம் என்று மாடியில் ஒரு அறை பிடித்தோம். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசு கம்பெனி வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர், புஸ்வாணப் பெட்டிக்கு ஒரே ஒரு லேபிள் கொடுத்துப் பார்த்தார். அது நன்றாக வந்தால் அந்த சீசன் லேபிள் மொத்தமும் எங்களுக்கு. வராவிட்டால் இவர் பழைய முதலாளி வாசலில் போய்க் கையைக் கட்டி நிற்க வேண்டியதுதான்.

கம்ப்யூட்டர் வாங்க மதுரைக்குப் போனோம். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் இவர் எழுதிய பட்டியல் என் கையில். பிராசஸர் இன்னது, ராம் இம்புட்டு, ஹார்ட் டிஸ்க் இம்புட்டு, கரண்ட் போனால் தாங்க யு.பி.எஸ். எங்கள் தெருவில் பேப்பர் தூசி மாவாகப் பறக்கும் என்று கேபினெட்டுக்கு வலை வைத்த ஃபேன்கூடக் கேட்டிருந்தார். ஒவ்வொன்றுக்கும் கீழே அடிக்கோடு. கடைசி வரியில் மட்டும், 'மானிட்டர் – ஏதாவது.' லேபிள் வரைகிற மனுஷன் மானிட்டருக்கு 'ஏதாவது' என்று எழுதினால் பெண்டாட்டிக்குச் சந்தேகம் வர வேண்டாமா? எனக்கு வரவில்லை.

கடையில் மானிட்டர்களை வரிசையாக வைத்து, எல்லாவற்றிலும் ஒரே படம் ஓடவிட்டிருந்தார்கள். கொப்பில் உட்கார்ந்திருக்கிற பச்சைக்கிளி. இருப்பதிலேயே பளபளவென்று எரிந்ததைக் காட்டி, "இதுதான் அம்சமா இருக்கு" என்றார் இவர்.

எனக்கு ஒப்பவில்லை. விருதுநகரில் என்னைப் பெற்ற அத்தாவுக்குப் பருப்பு வியாபாரம். அங்கே பல்பு வெளிச்சத்தில் பார்த்து யாரும் பருப்பு வாங்க மாட்டார்கள். ஒரு கை அள்ளி வாசலுக்கு வந்து, வெயிலில் நிறம் பார்த்துத்தான் விலை பேசுவார்கள். அந்தப் புத்தி எங்கே போகும்? இவர் முன்பு செய்த லேபிள் ஒன்றைப் பையில் வைத்திருந்தேன், அதன் படம் பென் டிரைவில் இருந்தது. அதை மானிட்டர்களில் போடச் சொன்னேன். அச்சடித்த லேபிளை வாசலில் வெயிலுக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பேன், உள்ளே வந்து மானிட்டரைப் பார்ப்பேன். கடைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிக்கட்டும். பளபளத்த மானிட்டர்களில் எல்லாம் சிவப்பு தீயாய் எரிந்தது. தாள் அப்படியா எரியும்? ஓரத்தில் மங்கலாக இருந்த ஒன்றில்தான் லேபிள் லேபிளாக இருந்தது.

கடைக்காரர் மறுபடி கிளிப் படத்தை ஓடவிட்டதும், "இது போதும் மச்சான்" என்றேன்.

"காசு குடுத்து இருட்டையா வாங்குவாக?"

"கிளி மூக்கைப் பாருங்க. அதுல தீப்பிடிச்ச மாதிரி இருக்கு. இதுலதான் மூக்கு நிறத்துல மூக்கு இருக்கு."

இவர் பார்த்தார். குனிந்து, கிட்டப் போய்ப் பார்த்தார். பிறகு கடைக்காரருக்குக் கேட்காத குரலில், "மூக்கு வேற கலராவா தெரியுது உனக்கு?" என்றார்.

கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது.

பஸ்ஸில் மடி நிறையப் பெட்டிகளோடு வரும்போதுதான் முழுசும் சொன்னார். சின்ன வயசிலிருந்தே சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாதாம். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு அச்சு மைக்கும் எத்தனை சதவீதம் என்று நம்பர் வரும், அந்த நம்பரை மனப்பாடம் செய்தே இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறார். கடைசியில் ஒரு லேபிளில் இலை துரு நிறத்தில் அச்சாகிக் குட்டு வெளிப்பட்டது. வேலையை இவர் விடவில்லை, அவர்கள்தான் அனுப்பியிருக்கிறார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மனுஷன்! எட்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். எந்தச் சேலை கட்டினாலும் "நல்லாருக்கு" என்பார், ஆசையில் சொல்கிறார் என்று நானும் பூரித்துப்போவேன். ஆத்திரத்தில் திருமங்கலம் வரும்வரை ஜன்னலையே முறைத்துக்கொண்டு வந்தேன். அப்புறம் கேட்டேன்.

"நம்ம கல்யாணச் சேலை என்ன கலரு?"

"நீதான் சொல்லணும்" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டது.

மறுநாளிலிருந்து மவுஸ் அவர் கையில், பக்கத்து ஸ்டூலில் நான். "மஞ்சளைக் கொஞ்சம் ஏத்துங்க, பச்சை அழுகுன மாதிரி இருக்கு" என்பேன், நம்பரை மாற்றுவார். அண்ணாச்சி பார்க்க வந்தார். முகம் சுளித்தது.

"என்னப்பா, இம்புட்டு மங்கலா இருக்கு? நாம விக்கிறது வெடி, கசாயம் இல்ல."

பளபளப்பை ஏற்றிக் காட்டி அவரை அப்போதைக்குச் சமாளித்திருக்கலாம். இவர் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"எனக்கு கலர் தெரியாது அண்ணாச்சி. இவ கண்ணு பார்த்துச் சொன்னது. தாள்ல சரியா வரும்."

ஆர்டர் போச்சு என்றே நினைத்தேன். அண்ணாச்சி பென் டிரைவில் லேபிளை மட்டும் வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார். நாலாம் நாள் அச்சான தாளோடு வந்தவர், அதை வாசலில் வெயிலுக்குக் காட்டிப் பார்த்துவிட்டு, "சீசன் முடியுற வரைக்கும் நீங்களே பாருங்க" என்றார்.

அந்த மானிட்டர்தான் போன மாதம் போனது. சீசன் வேலை குவிந்து கிடக்கிற நேரம். மறுபடியும் மதுரை, மறுபடியும் வரிசையாக மானிட்டர்கள், என் கையில் லேபிள். வாசலுக்குப் போனேன், வந்தேன். எல்லாமே டீத்தண்ணியில் முக்கி எடுத்த மாதிரி இருந்தன. கண்ணில் புரை விழுந்திருக்கிறது, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லி அப்போதே இரண்டு மாதம் ஆகியிருந்தது. சீசன் முடியட்டும் என்று இவரிடம் நான் மூச்சுவிடவில்லை. இந்தத் தடவை பூசணிக்காய் என் சோற்றில்.

மூன்றாம் தடவை வாசலுக்குப் போய் வந்தபோது இவர் என் கையிலிருந்த லேபிளை வாங்கிக்கொண்டார்.

"தெரியலையா?"

"தெரியல மச்சான்."

கடைக்காரர், "நான் வேணா ஒண்ணு எடுத்துத் தரவா சார்?" என்றார்.

"இப்ப வேண்டாம்ப்பா" என்றார் இவர். "மொதல்ல கண்ணாஸ்பத்திரிக்குப் போயிட்டு வாறோம். என் கண்ணு ரெண்டும் இவகிட்டதான் இருக்கு."