உச்சியில் ஓர் அரிவாள்

சூறாவளிக்குப் பிந்திய சித்திரையில், பள்ளிவாசல் கொடுத்த கூரைத் தகரங்களை மாட்டுவண்டியில் ஏற்றி மருதமுனையில் வீடுவீடாக இறக்கினோம். கடைசி வீடு ஒரு வயற்காரருடையது. மெலிந்த மனிதர். தாடியில் வைக்கோல் துரும்பு ஒட்டியிருந்தது. தட்டிவிடத் தோன்றவில்லை போலும். அந்தியில் மஃரிப் தொழுததும் கூரையில்லாத அறையைக் கூட்டி, பாய் விரித்து மல்லாந்து படுத்துவிடுவார் என்றார்கள் அயலவர்கள். நாங்கள் போனபோதும் அப்படித்தான் கிடந்தார்.

"தகரம் கொண்டாந்திரிக்கம் காக்கா," என்றேன்.

"மற்ற அறைக்குப் போடுங்க தம்பி. இதுக்கு வேணாம்."

"மழை வந்தா?"

அவர் வானத்தைக் காட்டினார். சித்திரையில் முன்னிரவிலேயே உச்சிக்கு வந்துவிடும் சிங்க ராசி. அதன் தலைப்பக்க வெள்ளிகள் வளைந்து கிடந்தன.

"கதிரறுக்கிற அரிவாள் மாதிரி இரிக்கி, பாத்தீங்களா? நேரா என்ட நெஞ்சுக்கு மேலதான் தொங்குது. ஒவ்வொரு ராவும் பாக்கிறன். ஒருநாளும் விழல்ல."

குரலில் அழுகை இல்லை. அயலான் வயலைப் பற்றிக் கதைப்பது போலச் சொன்னார். அந்த அறையில்தான், சூறாவளியன்று கூரை சரிந்து நசுங்கி அவருடைய மகள் மௌத்தானாள்.

அந்த அறைக்குரிய தகரங்களைச் சுவரில் சாத்திவிட்டு வந்தேன். மாரியில் அந்த வழியே போனபோது அவை அங்கேயே துருவேறி நின்றன. அவற்றின்மேல், நனைந்த பாய் ஒன்று காயப் போட்டிருந்தது.