அப்பா குடித்த ஈஸ்ட் பொடி

நாற்பது வருடம் களுதாவளையில் பேக்கரி வைத்துப் பாண் போட்ட மனிதருக்கு ஈஸ்ட்டைப் பற்றிப் பாடம் எடுக்கும்படி என்னை விட்டது எந்தக் கிரகமோ!

அப்பாவின் காலில் வந்த புண்ணுக்குக் கொடுத்த மருந்து வயிற்றைக் கெடுத்து, நான்கு நாளாக வயிற்றோட்டம். டொக்டர் ஒரு ஈஸ்ட் பொடி எழுதினார். மூன்று நாளில் நிற்காவிட்டால் வார்ட்டில் சேர்க்க வேண்டும், இந்த வயதில் உடம்பு தாங்காது என்றும் சொன்னார்.

"ஈஸ்ட்டா? மா பொங்கிற மாதிரி வயிறு பொங்கவா? வேணாம் புள்ள."

"இது வேற ஈஸ்ட்டப்பா. கெட்ட கிருமி குடலில ஒட்டிப் பிடிச்சாத்தான் அதுக்கு ஆட்டம். இந்த ஈஸ்ட்டுர தோலில ஒரு இனிப்பு இரிக்கி. கிருமி ஏமாந்து அதில போய் ஒட்டும். ரெண்டும் சேர்ந்து வெளியில போயிரும்."

"வெளியில போறதத்தானே நிப்பாட்டச் சொல்றன்!"

தலையில் அடித்துக்கொண்டேன். பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று சாதிக்கும் மனிதர். ஆனால் நான் பொடியைக் கரைத்துக் கொண்டுவந்ததும், அதிசயமாக, ஒரு சொல்லும் சொல்லாமல் குடித்தார். நோயாளிக்குப் பச்சைத் தண்ணீர் கொடுக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. கேத்தலில் கொதித்ததை ஊற்றிக் கரைத்து, ஊதி ஊதி ஆற்றித்தான் கொடுத்தேன். அப்பாவை வழிக்குக் கொண்டுவந்துவிட்டேன் என்று பக்கத்து வீட்டில் பெருமையும் அடித்தேன்.

மூன்றாம் நாளும் நிற்கவில்லை. குளியலறை வாசலில் கால் மடங்கி விழப்போனவரைத் தாங்கிப் பிடித்தேன். உடம்பு பஞ்சாக இருந்தது. பயந்துபோய், பொடி வாங்கிய புளியந்தீவு மருந்துக் கடைக்கு போன் எடுத்து, கரைத்துக் கொடுத்த விதத்தைச் சொன்னேன்.

"கொதிதண்ணியிலயா கரைச்சநீங்க?" என்றார் கடைக்காரப் பெண். "ஐயோ அக்கா, அது உயிருள்ள சாமான். சூட்டில செத்திருமே!"

போனை வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார்.

"உங்களுக்குத் தெரியாதாப்பா?"

"தெரியாம? கொதிதண்ணி பட்டா ஈஸ்ட்டு சாகும். பாண் போடுற எவனும் சொல்லுவான்."

"அப்ப ஏன் வாயத் திறக்கல்ல?"

"செத்ததுதானே, வயிறு பொங்காது எண்டுதான் நம்பிக் குடிச்சன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கேத்தலைத் தூக்கி எறிந்திருப்பேன். ஆறிய நீரில் புதிதாகக் கரைத்து எடுத்துவந்தேன். கோப்பையை அவர் முன்னால் நீட்டினேன்.

"அம்மா மாதிரி நீங்களும் போயிற்றீங்க எண்டா எனக்கு ஆரப்பா இரிக்கிறாங்க?" என்று கத்தினேன். கத்தும்போதே அழுதுவிட்டேன்.

அப்பா கோப்பைக்குக் கை நீட்டினார்.