லீலாபாய் வரைந்த காது

லீலாபாய்க்கு வீட்டில் சும்மா உட்கார்ந்து பழக்கமே கிடையாது. இருபத்திரண்டு வருடமாக அரசுப் பேருந்தில் கண்டக்டர். விடியும் முன்பே சோறும் கறியும் ஆக்கி மூடிவைத்துவிட்டுப் பாறசாலை டிப்போவுக்கு ஓடுவாள். திருவனந்தபுரத்துக்குப் போவதும் வருவதுமாக நாள் முழுக்க நின்ற கால். வீடு திரும்பினால் சாப்பிட்டுப் படுக்கத்தான் நேரம் இருக்கும். கணவர் சத்தியதாஸ் ஏத்தன் வாழைக்குலை வியாபாரி. தோட்டம் தோட்டமாகப் போய்க் குலை பார்த்து வாங்கிச் சந்தைக்கு ஏற்றுகிறவர். ஒரே மகள் ஷெமிக்குக் கழக்கூட்டத்தில் கம்பெனி வேலை, ஹாஸ்டல் வாசம். சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருவாள்.

ஒரு ஜூலை மழையில் கிணற்றடிப் பாசி வழுக்கி, லீலாபாயின் வலது கணுக்கால் இரண்டு இடத்தில் முறிந்தது.

"மூணு மாசம் கால் தரையில படவே கூடாது, சேச்சி" என்று மாவுக்கட்டைப் போட்டுவிட்டு டாக்டர் சொன்னபோது, கால் முறிந்த வலியைவிட அதுதான் அவளுக்குப் பெரிதாக வலித்தது.

முதல் பத்து நாள் வராந்தாவில் நாற்காலியைப் போட்டு, ரோட்டில் போகிறவர்களையெல்லாம் நிறுத்தினாள். "அண்ணே, எங்க போறிய? குடை இல்லாமலா?" பதில் சொல்லாமல் யாரும் அந்த வீட்டைக் கடக்க முடியவில்லை. பக்கத்து வீட்டு ராகேல் மீன்கறி கொண்டுவந்தவள், "எளா லீலா, நீ டிக்கெட்டு ஒண்ணுதான் கிழிக்கல்ல" என்று சிரித்தாள்.

பதினோராம் நாள் மழை விடாமல் அடித்தது. ரோட்டில் ஆள் இல்லை. லீலாபாய் கைக்கெட்டிய அலமாரியைக் குடைந்ததில், ஷெமியின் கல்லூரி ரெக்கார்டு நோட்டு கிடைத்தது. பாதிக்குமேல் வெள்ளைத் தாள். கூடவே மூன்று பென்சில், ஒரு ரப்பர். வேறு வேலை இல்லாமல், எதிரில் நீட்டியிருந்த மாவுக்கட்டுக் காலையே வரைந்தாள். அது காலைப்போல இல்லை. ஆனால் மாவுக்கட்டைப்போல இருந்தது. அவளுக்கே ஆச்சரியம்.

அப்புறம் முகங்கள். காலை வண்டியில் ஜன்னல் கம்பியில் தலை முட்ட முட்டத் தூங்கிவரும் கல்லூரிப் பெண், பாலராமபுரத்தில் ஏறும்போதே "லேட்டா?" என்று கேட்கிற டீச்சர் என்று தினமும் பார்க்கிற முகங்களை நினைவிலிருந்து வரைந்தாள். எல்லாம் ஒரே மாதிரி வந்தன. ராகேல் தாளைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது ஆரு? சக்கப்பழத்துக்கு மூக்கு வச்சது மாதிரி இருக்கு."

சனிக்கிழமை வந்த ஷெமி சிரிக்கவில்லை. போனில் ஒரு மலையாள ஓவிய ஆசிரியரின் வீடியோக்களைத் தேடிக் கொடுத்தாள். "அம்மெ, தினமும் ஒண்ணு பாருங்க. இவரு நல்லா சொல்லிக் கொடுப்பாரு." அந்த ஆசிரியர் முதல் பாடத்திலேயே ஒன்று சொன்னார்: மூக்கு இப்படித்தான் இருக்கும் என்று மனசு சொல்வதை வரையாதீர்கள், கண் காண்பதை மட்டும் வரையுங்கள். லீலாபாய் அந்த இடத்தை நான்கு முறை ஓட்டிப் பார்த்தாள். இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ லட்சம் முகங்கள் அவள் கண்ணுக்கு முன்னால் ஏறி இறங்கியிருக்கின்றன. ஒருவருக்குக்கூடப் புருவம் எப்படி இருந்தது என்று அவளால் சொல்ல முடியவில்லை.

பார்த்து வரைய ஆள் வேண்டுமே. சந்தையிலிருந்து மதியம் திரும்பிய சத்தியதாஸ் அகப்பட்டார்.

"என்னையா? இந்த மூஞ்சியையா?" அவருக்கு வெட்கம். ஆனாலும் சட்டையை மாற்றி, தலைசீவிக்கொண்டு வந்து ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தார். அவருக்கு வலதுபக்கம் லீலாபாய், முக்காலியில் காலைத் தூக்கிவைத்து, மடியில் அட்டையுடன்.

இருபத்துநான்கு வருடக் கல்யாண வாழ்க்கையில் கணவரை இவ்வளவு நேரம் அவள் பார்த்ததே இல்லை. நெற்றியில் குலை வெட்டும்போது பட்ட தழும்பு, மேலுதட்டுக்கு மேல் மீசை மறைத்த ஒரு மச்சம், எதையோ நினைத்துத் தானாகச் சிரித்துக்கொள்ளும்போது உள்ளே மடங்குகிற கன்னம். ஒவ்வொன்றும் புதிதாக இருந்தது. இந்த மனுஷன் பார்க்கக் கொள்ளாமே, அழகுதான் என்று நினைத்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் சிரித்தாள்.

ஆனால் அவரை அசையாமல் இருக்கவைக்க முடியவில்லை. அவள் வாய் திறந்தால் போதும், முகம் முழுதாக அவள் பக்கம் திரும்பிவிடும்.

"இஞ்ச திரும்பாதீங்கன்னு எத்தன வட்டம் செல்லுயது!"

"நீ பேசுனா திரும்பாண்டாமா?"

ஒரு வாரத்தில் கண்ணும் மூக்கும் வசப்பட்டன. காது மட்டும் வசப்படவில்லை. அந்த மடிப்புகளைக் கண்டுபிடிக்க மூன்று நாள் வலது காதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் நல்ல மழை. ஷீட் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. சத்தியதாஸ் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார், தூங்கவில்லை. விரல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

"ராகேல் கொண்டுவந்த கறியில உப்பு கூடுதலாக்கும்" என்றாள்.

பதில் இல்லை.

பழைய லீலாபாயாக இருந்தால், கேட்டும் கேட்காத மாதிரி இருக்கிறார் என்று கோபம் வந்திருக்கும். எத்தனை நாள் "மரம் மாதிரி இருக்கியளே" என்று கத்தியிருக்கிறாள்! ஆனால் இன்று அவள் கண் அந்த முகத்தின் மேலேயே இருந்தது. டிக்கெட் எடுக்காமல் தூங்குகிற மாதிரி நடிக்கிறவர்களை அவள் எவ்வளவோ பார்த்திருக்கிறாள். காதில் குரல் விழுந்ததும் இமை ஒரு துளி இறுகும். இந்த முகத்தில் அது இல்லை.

"வாழைத்தோட்டத்தில யானை இறங்கியிருக்கு" என்றாள்.

விரல் தாளம் தப்பவில்லை.

லீலாபாய் சுவரைப் பிடித்து, ஒற்றைக் காலில் தத்தித் தத்தி, நாற்காலிக்குப் பின்னால் சுற்றி இடதுபக்கம் போனாள். அதே குரலில் சொன்னாள்:

"யானை இறங்கியிருக்கு."

"எஞ்ச?" சத்தியதாஸ் துள்ளி எழுந்தார். எழுந்தவர் கண்டது, ஒற்றைக் காலில் நின்று தன்னையே பார்த்துக்கொண்டிருந்த மனைவியை.

அவளைக் கைத்தாங்கலாகப் பிடித்து உட்காரவைத்தார். உட்கார்ந்ததும் அவள் கேட்டாள்:

"வலது காது கேக்காது இல்லியா?"

"சின்னதுல சீழ் வச்சு ஒழுகிச்சு. பெறவு அந்தப் பக்கம் அவ்வளவுதான். பெண்ணு பாக்க வரும்போ, ஒண்ணும் செல்லாத, பெண்ணு தரமாட்டாங்கன்னு அம்மெ செல்லிட்டா."

"செரி. கெட்டுன பெறவு?"

சத்தியதாஸ் தரையைப் பார்த்தார். "நீ பகல் முழுக்கத் தொண்டை கிழியக் கத்திட்டு வாறவ. வீட்டுலயும் உன்ன உரக்கப் பேசவைக்க மனசு வரல்ல, லீலா."

லீலாபாய்க்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "நான் ஏசுனதெல்லாம்?"

"பாதி இந்தப் பக்கமாப் போச்சு" என்று வலது காதைத் தொட்டுக்காட்டினார். அவ்வளவுதான், இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் ராகேல் மழையில் நனைந்துகொண்டே என்னவோ ஏதோ என்று ஓடிவந்தாள்.

மாவுக்கட்டைப் பிரிக்கப் போன அன்றே அவரையும் காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். செவிப்பறையில் பழைய ஓட்டை. கேட்கும் திறன் முழுதாகப் போகவில்லை, கருவி வைத்தால் கேட்கும் என்றார் டாக்டர். "இத்தன வருஷம் எந்தா வராம இருந்தது?" என்று அவர் கேட்டதற்கு, "ஆரும் கண்டுபிடிக்கல்ல, டாக்டரே" என்றார் சத்தியதாஸ், மனைவியைப் பெருமையாகப் பார்த்து.

கருவி மாட்டி வீட்டுக்கு வந்த நாள் அவர் குழந்தையைப்போல் ஆகிவிட்டார். ஒற்றைக் காதால் கேட்கிறவருக்குச் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது தெரியாது. ஆயுசு முழுக்க அதைத் தேடித்தான் திரும்பிக்கொண்டிருந்தார். இப்போது அணில் கத்தினால் நேராக அந்தக் கொய்யாமரத்தையே பார்த்தார். "எளா, அது இஞ்சயாக்கும்!" தவளை இவ்வளவு சத்தமா போடும் என்று வியந்தார். லீலாபாய் அடுக்களையிலிருந்து கூப்பிட்டபோது, "பையப் பேசு, காது கிழியுது" என்று அவர் சொன்னதை அவள் ஷெமிக்குப் போன்போட்டுச் சொல்லிச் சிரித்தாள்.

அக்டோபர் கடைசியில் வேலைக்குத் திரும்பினாள். கால் லேசாக வலித்தது. ஆனால் வண்டிக்குள் வேறு உலகம் இருந்தது. லேட்டா என்று கேட்கிற டீச்சருக்குப் புருவம் நடுவில் ஒன்றாகச் சேர்ந்திருந்தது. தூங்குகிற பெண்ணுக்கு இடது கன்னத்தில் மட்டும் குழி. டிக்கெட் கொடுத்துக்கொண்டே பார்த்துப் பார்த்துச் சேர்த்துவைத்துக்கொண்டாள். விடுமுறை நாளில் அதற்கெல்லாம் பென்சில் காத்திருந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்திய சனிக்கிழமை மூன்று பேரும் விழிஞ்ஞம் கடற்கரைக்குப் போனார்கள். தூரத்தில் துறைமுகத்துக் கிரேன்கள் கழுத்தை நீட்டி நின்றன. படகுகளை வரையலாம் என்று லீலாபாய் கரையில் உட்கார்ந்தாள். மீன் விற்றுமுடித்த பெண்கள் நான்கைந்து பேர் பின்னால் வந்து எட்டிப்பார்த்தார்கள். அதில் ஒருத்தி, கூடையைக் கவிழ்த்துப்போட்டு எதிரில் உட்கார்ந்தேவிட்டாள்.

"படகு எங்கயும் போகாது சேச்சி. என்ன வரைங்க. மூக்குத்தியும் வரணும்."

வெயில் இறங்குவதற்குள் லீலாபாய் ஏழு முகம் வரைந்தாள். இரண்டு அச்சு அசலாக அமைந்தன. மற்ற ஐந்தும் யாருடையவை என்பதில் அவர்களுக்குள்ளேயே பெரிய சண்டை. ஆனாலும் ஒரு தாளைக்கூட அவர்கள் விட்டுவிட்டுப் போகவில்லை.