நின்று நின்று ஓடிய மோட்டார்

அந்த வருடம் நான் வேலையை விட்டிருந்தேன். பிறை என்ற ஊரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. ஆட்குறைப்பு என்றார்கள், கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். உடம்புக்கு மட்டும் அது தெரியவில்லை. செபராங் ஜெயா வீட்டில் மடித்த துணியையே உதறி மறுபடி மடிப்பேன். அலமாரியை நகர்த்துவேன், திரும்பப் பழைய இடத்திலேயே வைப்பேன். "எங்கயாச்சும் போயிட்டு வாயேன் லா, உன்னப் பாத்தாலே எனக்குத் தலை சுத்துது" என்றார் என் கணவர். போவதற்கு எனக்கு இருந்தது ஒரே இடம்தான். கடல் பாலத்தைத் தாண்டி, எதிர்க்கரையில் ஜெலுத்தோங்கில் என் அண்ணன் வீடு.

அண்ணன் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைக்காலம் முழுக்கக் கப்பல்களைக் காகிதத்தில்தான் பார்த்தார். ஓய்வு பெற்றதும் ஒரு பழைய ஃபைபர் படகையும், அதன் பின்னால் மாட்ட அதைவிடப் பழைய மோட்டார் ஒன்றையும் வாங்கினார். அண்ணி, வெளிநாட்டில் பெர்த் நகரில் இருக்கும் மகனுக்குக் குழந்தை பிறந்தபோது உதவிக்குப் போனவர், அங்கேயே தங்கிவிட்டார். "நீங்களும் வந்துருங்க" என்று போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அண்ணனுடைய பதில் மாறவே இல்லை. "மோட்டாரு தகராறா இருக்கு. சரி பண்ணி வித்துட்டு வரேன்."

தகராறு உண்மைதான். கயிற்றை இழுத்ததும் நன்றாகக் கிளம்பும். வேகத்தைக் கூட்டிக் கொஞ்ச தூரம் போனதும் மூச்சு வாங்குகிற மாதிரி இறங்கி, இருமி, நின்றுவிடும். சற்று நேரம் விட்டுப் பார்த்தால் ஒன்றுமே நடக்காதது போல் மறுபடி ஓடும். அண்ணன் பிளக் மாற்றினார். பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டுப் புதிதாக எண்ணெய் கலந்து ஊற்றினார். ஃபில்டரை மாற்றினார். டாங்கி மூடியில் காற்றுப் போக இருக்கும் திருகைத் தளர்த்திப் பார்த்தார். கரையோரப் பட்டறைக்காரர் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவிக் கொடுத்தார். எதற்கும் மசியவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை நானும் கூடப் போனேன். ஜெரெஜாக் தீவுப் பக்கம் போகும்போது மோட்டார் வழக்கம்போல இறங்கி, நின்றது. நீரோட்டம் எங்களை மெல்லக் கப்பல் பாதைக்குள் தள்ளியது. தூரத்தில் ஒரு இழுவைக் கப்பல், மணல் ஏற்றிய பெரிய தட்டுப்படகை இழுத்துக்கொண்டு எங்கள் பக்கமாகவே வந்துகொண்டிருந்தது. அண்ணன் கயிற்றை இழுத்தார். மோட்டார் பிடித்தது, இருமியது, சாகப் போனது.

எனக்குச் சும்மா உட்கார முடியவில்லை. டாங்கியிலிருந்து மோட்டாருக்குப் போகிற குழாயின் நடுவில் எலுமிச்சை அளவில் ஒரு ரப்பர் உருண்டை உண்டு. கிளப்புவதற்கு முன் அதை அமுக்கித்தான் பெட்ரோலை மேலே ஏற்றுவார்கள். அதைப் பிடித்து அமுக்கினேன். சாகப் போன மோட்டார் சட்டென்று உறுமி எழுந்தது. விட்டேன், இறங்கியது. மறுபடி அமுக்கினேன், எழுந்தது.

"அமுக்கு! விடாத, அமுக்கிட்டே இரு!" அண்ணன் கத்தினார்.

அப்படியே அமுக்கிக்கொண்டே திரும்பினோம். தட்டுப்படகு எங்களுக்குப் பின்னால் கடந்து போனது. அதன் அலையில் படகு ஆடியபோதும் நான் கையை எடுக்கவில்லை. பயம் போனதும் கோபம் வந்தது.

"அண்ணி அங்க காத்துக்கிட்டு இருக்காங்க. நீ இங்க கார்புரேட்டரக் கழுவிக்கிட்டு இருக்க."

"கடல்ல வச்சு இதெல்லாம் பேசாத."

"வேற எங்க பேசுறது? வீட்டுக்குப் போனா நீ டிவி போட்டுருவ."

அவர் கரையையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். நான் வலக்கை வலித்தால் இடக்கை, இடக்கை வலித்தால் வலக்கை என்று மாற்றி மாற்றி அமுக்கினேன்.

கரை சேர்ந்ததும் அவர் முகத்தில் தெளிவு வந்தது. "அமுக்குனா ஓடுதுன்னா கார்புரேட்டர்ல ஒண்ணுமில்ல. பெட்ரோலு வந்து சேரல. மோட்டார்ல இருக்கிற பம்பு போயிருச்சு. உள்ள மெல்லிசா ஒரு ரப்பர் தோலு இருக்கும், அது கிழிஞ்சிருக்கும்." இவ்வளவு பழைய மோட்டாருக்கு அந்தச் சாமான் உள்ளூரில் கிடைக்காதாம். வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டுமாம். என் எதிரிலேயே அண்ணிக்குப் போன் போட்டார். "சாமான் வரணும். அடுத்த மாசம் பாக்கலாம்." அதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த நிம்மதி என் காதில் தைத்தது.

அந்த வாரம் முழுக்க வீட்டில் எனக்கு நிலைகொள்ளவில்லை. தொழிற்சாலையில் ஒரு எந்திரம் மக்கர் செய்தால், நன்றாக ஓடுகிற எந்திரத்தின் பாகத்தை ஒவ்வொன்றாக மாற்றி மாட்டிப் பார்ப்போம். எதை மாற்றும்போது சரியாகிறதோ, கோளாறு அதில்தான். இதற்கு ஏன் ஒரு மாதம் காத்திருக்க வேண்டும்?

அடுத்த சனிக்கிழமை அண்ணன் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறு வாங்கக் கடைக்குப் போன நேரத்தில், பக்கத்துப் படகின் மலாய்க்கார மீனவரிடம் அவருடைய டாங்கியையும் குழாயையும் இரவல் கேட்டேன். அவருடையதும் அதே கம்பெனி மோட்டார்தான், இணைப்பு பொருந்தும். சிரித்துக்கொண்டே தூக்கிக் கொடுத்தார். படகைத் துறையின் மரத்தூணோடு இறுக்கிக் கட்டச் சொன்னவரும் அவர்தான். கட்டிவைத்து, கியர் போட்டு, வேகத்தைக் கூட்டினேன். முதலில் எங்கள் குழாயோடு. வழக்கம்போல நின்றது. அடுத்து அவருடைய டாங்கி, அவருடைய குழாய். நிற்கவே இல்லை. பம்பு நன்றாகத்தான் இருந்தது. பிறகு எங்கள் டாங்கி, அவருடைய குழாய். அப்போதும் ஓடியது. மீதி இருந்தது எங்கள் குழாய் மட்டும்.

மீனவரின் கத்தியை வாங்கி, உருண்டைக்கும் மோட்டாருக்கும் நடுவில் இருந்த துண்டை நீளவாக்கில் கிழித்தேன். வெளியே பார்க்கப் புதிது போலத்தான் இருந்தது. உள்ளேயோ, அடிப்படலம் தனியாகக் கழன்று வெங்காயத் தோல் மாதிரி தொங்கியது. பம்பு வேகமாக உறிஞ்சும்போதெல்லாம் அது உள்வாங்கி வழியை அடைத்திருக்கிறது. கையால் அமுக்கித் தள்ளினால் விரிந்து வழிவிட்டிருக்கிறது.

அண்ணன் பொட்டலங்களோடு வந்து நின்றார். மோட்டார் இரவல் குழாயில் சீராக ஓடிக்கொண்டிருந்தது.

"வேற யாரு மோட்டாரோன்னு நெனச்சேன்" என்றார். கிழித்த குழாயை வாங்கி விரலால் நிமிண்டிப் பார்த்தார். "சாமானு ஆர்டர் பண்ணிட்டேனே."

"வேணாம்னு சொல்லிரு."

மோட்டாரை அணைத்தார். இருவரும் படகில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பாதிச் சாப்பாட்டில் கேட்டார், "உன்ன யாரு இதுல கை வைக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல. சும்மா இருக்க முடியல."

"எனக்கு அதான் பயம்." இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அங்க போனா சும்மாதான் இருக்கணும். காலையில மகன் வேலைக்குப் போயிருவான், மருமக போயிரும். உங்க அண்ணிக்குப் பேரப்புள்ள இருக்கு. நான் என்ன பண்றது? சோபாவுல உக்காந்து சன்னலப் பாக்கணுமா?"

திட்டுவதற்கு ஒரு வாரமாகச் சேர்த்துவைத்திருந்த சொற்கள் எதுவும் எனக்கு உதவவில்லை. "அண்ணிகிட்ட இதச் சொன்னியா?" என்று மட்டும் கேட்டேன். தலையாட்டினார், இல்லை என்று. "மோட்டாரச் சொல்றதுக்குப் பதிலா இதச் சொல்லு அண்ணே."

அன்று மாலையே சொன்னார். நான் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றேன், போவதா இருப்பதா என்று தெரியாமல். உள்ளே நீண்ட நேரம் பேச்சு நடந்தது. ஒருமுறை அண்ணன் குரல் உயர்ந்தது, அப்புறம் தணிந்தது. வெளியே வந்து, "மூணு மாசம் வந்து பாருங்க, பிடிக்கலைன்னா சேந்தே திரும்பிரலாம்னு சொல்றா" என்றார்.

புதுக் குழாய் மாட்டினோம். மோட்டார் ஒருநாளும் நிற்கவில்லை. அண்ணன் போனார். மூன்று மாதம் முடிந்ததும் இன்னும் மூன்று மாதம் என்றார். பிடித்திருக்கிறதா என்று கேட்டால், "குளிரா இருக்கு லா" என்பார். திரும்புவது பற்றி இருவரும் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

படகை விற்கச் சொல்லிவிட்டுத்தான் போனார். நான் விற்கவில்லை. இப்போது எனக்கு சிம்பாங் அம்பாட்டில் ஒரு கிடங்கில் வேலை கிடைத்திருக்கிறது. ஞாயிறு மட்டும்தான் ஓய்வு. அன்று காலை பாலத்தைத் தாண்டி வந்து, தனியாகப் படகை எடுக்கிறேன். ஜெரெஜாக்கைச் சுற்றித் திரும்பிவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு முறையும் கிளம்புகிறேன். தீவின் தெற்கு முனை வந்ததும், இன்னும் கொஞ்சம் போனால் என்ன என்று தோன்றிவிடுகிறது.